பார்வை குறைந்த தம்பி வீட்டிலிருந்து பொடி வியாபாரம் தொடங்க நினைக்கிறான்: வீட்டார் எதுவரை உதவலாம்?

உட்லண்ட்ஸ் அக்கா:

வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 34 வயது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் இருக்கிறது. பள்ளிக்கூட வயதில் இருட்டில் மட்டும் தடுமாறுவான். வருடம் ஆக ஆகப் பக்கப் பார்வை சுருங்கிவிட்டது. இப்போது நடுவில் சின்ன வட்டம் அளவுக்குத்தான் தெரிகிறது, அதுவும் மங்கலாக. கிடங்கில் வேலை பார்த்தான். பாரம்தூக்கி வண்டிகள் ஓடும் இடம் என்பதால் அந்த வேலையை விட வேண்டியதாகிவிட்டது. அப்பா அம்மாவோடு அங் மோ கியோ வீட்டில் இருக்கிறான். நான் கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருக்கிறேன்.

சமையலில் அவனுக்கு நல்ல கை. அம்மாவிடம் கற்றுக்கொண்ட இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் இப்போது அம்மாவைவிட நன்றாகச் செய்கிறான். என் அலுவலகத்தில் சிலர் சுவைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். அதனால் இதை வியாபாரமாகவே செய்யப்போகிறேன் என்கிறான்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. அம்மாவுக்கு அடுப்பை நினைத்தாலே பயம். நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்: வறுப்பதை அம்மா பார்த்துக்கொள்வார், அரைத்துப் புட்டியில் நிரப்புவது தம்பி, ஒட்டுத்தாள், ஆர்டர், கணக்கு, பணம் எல்லாம் நான். வியாபாரம் அவன் பெயரில்.

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இதைச் செய்யலாமா? பதிவு வேண்டுமா? உதவித் தொகை ஏதாவது உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காப்பிக்கடைக் கணக்கர்:

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். விதிமுறைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வீவக வீட்டில் சிறிய அளவில் செய்து விற்பதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பும் வீட்டுச் சமையல் வியாபாரத்துக்கு உரிமம் கேட்பதில்லை. ஆனால் உணவுச் சட்டம் முழுக்கப் பொருந்தும். யாருக்காவது வயிற்றைக் கெடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் தம்பிதான். உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சியை அவர் எடுத்துவிடுவது நல்லது. அதற்கு அரசாங்கம் பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை பயன்படும்.

வீவக நிபந்தனைகள் சில. கனமான இயந்திரம் வைக்கக்கூடாது, வாசலில் விளம்பரப் பலகை கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது. மிளகாய் வறுத்தால் மாடி முழுவதும் இருமும், அதைக் கவனியுங்கள். இன்னொன்று, அந்த வீட்டில் குடியிருக்காத ஆளை வேலைக்கு வைக்கக்கூடாது. நீங்கள் உட்லண்ட்ஸில் இருப்பதால் சொல்கிறேன். அக்கா என்ற முறையில் கைகொடுப்பது வேறு, சம்பளத்துக்கு வேலை செய்வது வேறு. கடைகளுக்குச் சப்ளை செய்யும் அளவுக்கு வளர்ந்தால் உரிமம் பெற்ற கூடம் தேவைப்படும். இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஏக்ரா (வியாபாரங்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிவு: அடையாள அட்டையில் உள்ள தன் முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்தால் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு வருடப் பதிவுக்கு 100 வெள்ளி. தனியாள் வியாபாரத்தில் கடன் வந்தால் அது அவர் தலையில்தான் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செலவு போக நிகர வருமானம் வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டுவது கட்டாயம். ரசீதுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும்.

ஜூரோங் மாமா:

மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா. 34 வயதுப் பையனுக்கு மாதச் சம்பளம் முக்கியம். வேலை என்றால் மசேநி (மத்திய சேமநிதி) உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு. உடற்குறையுள்ளவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அரசாங்கம் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளி உச்சவரம்போடு தருகிறது. உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் வேலை தேடிக் கொடுக்கும் சேவையும் இருக்கிறது. 2030க்குள் வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது வேலையில் சேரட்டும். பொடியை வாரக்கடைசியில் செய்யட்டும். வியாபாரத்தில் முதல் வருடம் கையில் ஒன்றும் நிற்காது.

தோ பாயோ வாசி:

எனக்குப் பார்வை முற்றிலும் கிடையாது. இதைத் தொலைபேசியில் பேசி எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அக்கா, உங்கள் திட்டத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வறுப்பது அம்மா. ஆர்டர், கணக்கு, பணம் நீங்கள். பொடிக்கு ருசி வருவது வறுப்பில்தான், வியாபாரம் நிற்பது பணத்தில்தான். இரண்டும் தம்பி கையில் இல்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது புட்டி நிரப்பும் வேலை. உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி நடந்தால் இது நீங்கள் நடத்தும் வியாபாரம், அவர் அதில் கூலியில்லாத ஆள்.

பார்வை இல்லாதவர் வறுக்க முடியுமா என்று அம்மா கேட்பார். முடியும். நான் தினமும் சமைக்கிறேன். பருப்பு சிவந்துவிட்டதா என்று பார்வை உள்ளவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் வாசனையைப் பார்க்கிறேன், கரண்டியில் படும் சத்தத்தைக் கேட்கிறேன், ஒரு பருப்பை எடுத்து ஆறவிட்டுக் கடிக்கிறேன். நன்றாக வறுபட்டது பட்டென்று உடையும். உங்கள் தம்பி ஏற்கெனவே இதைச் செய்துகொண்டுதான் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

அடுப்பு வாங்கும்போது தட்டையான தொடுபலகை அடுப்பைத் தவிர்த்துவிடுங்கள். எந்த இடத்தில் விரல் இருக்கிறது என்றே தெரியாது. திருகும் குமிழ் உள்ளதாகப் பாருங்கள், அதில் மிதமான சூட்டுக்கு நேராகப் புடைத்த ஒட்டுப்புள்ளி ஒன்றை ஒட்டுங்கள். முழங்கைவரை வரும் கையுறை, பேசும் தராசு, பேசும் டைமர் இவை போதும். சமையலறையில் வைத்த பொருளை வேறு யாரும் இடம் மாற்றக்கூடாது. அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எனக்கு வீட்டில் நேர்ந்த சிறு காயங்கள் பெரும்பாலும் யாரோ நல்ல மனத்தோடு ஒதுக்கி வைத்த சாமானால் வந்தவை.

பார்வை இருந்து பிறகு இழந்தவர்களில் பலருக்குப் பிரெய்ல் தெரியாது. அதனால் புட்டிகளை அடையாளம் காண ரப்பர் வளையம் போதும். இட்லிப் பொடிக்கு ஒன்று, பருப்புப் பொடிக்கு இரண்டு. விற்கும்போது கழற்றிவிடலாம்.

பணம்: பேநௌ (தொலைபேசி வழி அனுப்பும் பணம்) வந்தவுடன் வங்கிச் செயலியின் அறிவிப்பைத் தொலைபேசியே படித்துச் சொல்லும். வாங்குபவர் திரையைக் காட்டுவதை மட்டும் ஏற்கக்கூடாது, போலிப் படம் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நோட்டு வாங்கினால் நம் நோட்டுகள் மதிப்புக்கு ஏற்ப அளவு மாறும், மூலையில் தடவிப் பார்க்கும் புடைப்பும் உண்டு. பழைய தாள் நோட்டில் அது தேய்ந்து போயிருக்கும், அளவை நம்புவதுதான் சரி.

தோ பாயோ ரைஸில் சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைக் கோல் நடை, வீட்டு வேலை, தொலைபேசிப் பயன்பாடு எல்லாவற்றுக்கும் பயிற்சி கேட்கலாம். கைட் டாக்ஸ் சிங்கப்பூரும் நடைப் பயிற்சி தருகிறது. வியாபாரத்துக்கு முன்னால் அவர் தனியாக எம்ஆர்டிக்குப் போய்ப் பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பழகட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு டெலிவரிக்கும் ஓர் ஆள் தேவைப்படும்.

செங்காங் அம்மா:

தோ பாயோ தம்பி சொன்னது உண்மை. ஆனால் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். 22 வயது. விலங்குகளை வரைவான், நாங்கள் அதை வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்கிறோம். அவனுக்குக் காசின் மதிப்பு புரியாது. ஆர்டர், விலை, கணக்கு எல்லாம் நான்தான். அதற்காக இது என் வியாபாரம் என்று சொல்லிவிட முடியுமா? எந்தப் படத்தை விற்கலாம், எது தனக்கே வேண்டும் என்பதை அவன் முடிவு செய்கிறான். ஒரு யானைப் படத்தை எத்தனையோ பேர் கேட்டார்கள். அவன் தரவில்லை. நாங்களும் விற்கவில்லை. எவ்வளவு நேரம் வரைவது என்பதும் அவன் முடிவுதான். தீபாவளிக்கு ஆர்டர் குவிகிறது என்று அவனை உட்காரவைத்து வரையச் சொன்னால் அடுத்த மாதம் பென்சிலையே தொடமாட்டான்.

அவன் கையால் எதைச் செய்ய முடியும் என்பதைவிட எதில் அவன் சொல் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் தம்பிக்குப் பார்வைதான் குறைவு, முடிவெடுக்க எந்தத் தடையும் இல்லை. அதனால் தோ பாயோ தம்பி சொன்னது உங்கள் வீட்டுக்கு முழுதாகப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

என் மகனைப் போன்ற பிள்ளைகள் உள்ளவர்கள் யாராவது படித்தால்: பிள்ளை 21 வயதைத் தாண்டிய பிறகு அவன் பெயரில் பெற்றோர் கையெழுத்துப் போட முடியாது. நீதிமன்றம் வழியாகப் பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். சிறப்புப் பள்ளியில் படிக்கும்போதே அதற்கு வழிகாட்டும் ஏற்பாடு இருக்கிறது, கேளுங்கள். சம்பாதிக்கும் தொகையை ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் நிறுவனத்தில் அறக்கட்டளைக் கணக்காக வைப்பது பற்றியும் விசாரியுங்கள். நமக்குப் பிறகு அவர்களுக்கு யார் என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

உட்லண்ட்ஸ் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. தோ பாயோ அண்ணன் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். நான் போட்ட திட்டம் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தானாம். “வறுப்பது நான். கணக்கும் நான். நீ ஒட்டுத்தாளில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்” என்றான்.

அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. எண்ணெய் இல்லாத வறுப்புதானே, பயப்பட வேண்டாம் என்று தம்பி சொன்னான். முதல் முறை அம்மா பக்கத்தில் நிற்கலாம், ஆனால் கரண்டியைத் தொடக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

ஜூரோங் மாமா சொன்னதையும் கேட்டான். வேலைக்கும் விண்ணப்பிக்கிறான், அதை விடவில்லை. எஸ்ஜி எனேபல் எங்கே இருக்கிறது, அங்கே வியாபாரத்துக்கு ஏதாவது கிடைக்குமா?

சக்கரத்தில் வருபவன்:

நான் பதில் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருக்கிறேன், டி-சட்டையில் அச்சடிக்கும் தொழில், புக்கிட் பாத்தோக்கில் வீட்டிலிருந்தே.

எஸ்ஜி எனேபல் இருப்பது லெங்கோக் பாருவில், எனேபலிங் வில்லேஜில். ரெட்ஹில் எம்ஆர்டியிலிருந்து போகலாம். 2015இல் திறந்த இடம். உள்ளேயே டெக் ஏபல் என்ற பகுதி உண்டு, உதவிக் கருவிகளைத் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். பேசும் தராசு, எழுத்தைப் பெரிதாக்கும் கருவி போன்றவற்றைக் காசு போட்டு வாங்குவதற்கு முன்னால் தம்பி அங்கே போய் அவர் கையால் பார்க்கட்டும்.

அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறது. வீட்டு வருமானத்தைப் பொறுத்துக் கருவி விலையில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. சிகிச்சையாளர் ஒருவர் மதிப்பிட்டு இந்தக் கருவி இவருக்குத் தேவை என்று எழுத வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள், விண்ணப்பம் முதலில். உடற்குறை இருக்கிறது என்ற காரணத்துக்காக மாவு மில்லுக்கும் புட்டிக்கும் இதில் காசு தரமாட்டார்கள். அவருடைய குறையை ஈடுகட்டும் கருவிக்குத்தான் இந்தப் பணம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூரோங் மாமா சொன்ன சம்பள உதவி, வேலையிட மாற்றத்துக்கான மானியம் எல்லாம் முதலாளி கைக்குப் போகிறவை. தானே தொழில் தொடங்குபவனுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடைக்காது. வேர்க்ஃபேர் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு உதவித் தொகை) மட்டும் சுயதொழில் செய்பவருக்கும் உண்டு. அதற்கு வருமானத்தை அறிவித்து மெடிசேவ் கட்டியிருக்க வேண்டும், வரும் தொகையில் பெரும்பகுதி மெடிசேவுக்கே போகும். அதனால் “அரசாங்கம் ஏதாவது தரும்” என்று கணக்கில் எழுதாமல் தொடங்குங்கள். சொந்தக் கையிருப்பில் தாங்கக்கூடிய அளவுக்கே முதல் போடுங்கள்.

இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பையும் கேளுங்கள். குடும்பச் சூழலைப் பார்த்து எங்கே போகலாம் என்று வழிகாட்டுவார்கள். அங்காடிக் கடை ஆசை இருந்தால் பூன் கெங்கில் டிக்னிட்டி கிச்சன் இருக்கிறது, 2010இலிருந்து உடற்குறையுள்ளவர்களுக்கும் பின்தங்கியவர்களுக்கும் அங்காடிச் சமையல் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் அங்காடிக் கடை என்பது நாள் முழுக்க நிற்கும் வேலை. உங்கள் தம்பிக்குப் பொடிதான் சரி என்று எனக்குப் படுகிறது. பொடி இன்று விற்காவிட்டால் நாளைக்கு விற்கும்.

பழைய மளிகைக்காரர்:

பஃப்ளோ ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவன். யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லையே.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 200 கிராம் இட்லிப் பொடிக்கு உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 1 வெள்ளி 70 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். வறுக்கும்போது எடை குறையும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புட்டி 70 காசு, ஒட்டுத்தாள் 20 காசு, மின்சாரமும் எரிவாயுவும் 20 காசு. ஆகமொத்தம் 2 வெள்ளி 80 காசு. இதை 5 வெள்ளிக்கு விற்றால் புட்டிக்கு 2 வெள்ளி 20 காசு நிற்கும். பத்துப் புட்டி செய்ய நான்கு மணி நேரம் ஆனால், அவர் உழைப்புக்கு மணிக்கு ஐந்தரை வெள்ளி. அது பத்தாது.

அதே வேலையை ஒரே தடவையில் இருபது புட்டிக்குச் செய்தால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது. ஐந்து மணி நேரம் என்று வைப்போம். விலை ஆறரை வெள்ளி என்றால் மணிக்கு ஏறக்குறைய 15 வெள்ளி வரும். அப்போதுதான் இது தொழில். சொந்தக்காரர்கள் “நமக்குள்ளே என்ன” என்று விலை குறைத்துக் கேட்பார்கள். தம்பி வாயாலேயே விலை சொல்லப் பழகட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று “பரவாயில்லை, நான்கு வெள்ளி கொடுங்கள்” என்று சொல்லிவிடாதீர்கள்.

மூன்று பொடி எதற்கு? முதலில் இரண்டு. தீபாவளி நேரத்தில் தொடங்கவும் வேண்டாம். கேம்பல் லேன் சந்தையில் இடம் பிடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

ஒட்டுத்தாளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது முழுதாக இருக்க வேண்டும். நிறையப் பேர் மறப்பது பெருங்காயம். தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் நம்பி வாங்கிவிடுவார். நிலக்கடலை சேர்த்தால் கட்டாயம் எழுதுங்கள். எள் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

புங்கோல் வாசகி:

ஒரு யோசனை. பார்வை குறைந்தவர் செய்யும் பொடி என்று முகநூலில் எழுதிப் போட்டால் ஒரே நாளில் நூறு புட்டி போகும். நம் மக்கள் இரக்கமானவர்கள். அவர் கதையை நானே எழுதித் தருகிறேன்.

சக்கரத்தில் வருபவன்:

உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது சகோதரி. ஆனால் நான் இதை அனுபவித்திருக்கிறேன். இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு தடவை வாங்குவார். சட்டையில் அச்சு கோணலாக இருந்தாலும் என்னிடம் சொல்லமாட்டார், பாவம் என்று விட்டுவிடுவார். குறை சொல்லாத வாடிக்கையாளரால் எனக்கு லாபமில்லை, நான் எதைத் திருத்துவது? ஒரே நாளில் நூறு புட்டி என்றால் அடுத்த வாரம் பூஜ்யம். நடுவில் அவசரத்தில் செய்த பொடி கருகியிருக்கும்.

செங்காங் அம்மா:

என் அனுபவம் வேறு. மகன் ஆட்டிசம் உள்ளவன் என்று சொன்னதால்தான் எங்களுக்குக் கதவே திறந்தது. உடற்குறையுள்ளவர்கள் செய்த பரிசுப் பொருள்களை நிறுவனங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஐம்ஏபல் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. நிறுவனங்கள் வருடக் கடைசியில் பரிசு வாங்கும்போது அங்கேதான் பார்க்கிறார்கள். படங்கள் நன்றாக இருப்பதால் திரும்பவும் வருகிறார்கள். முதல் தடவை எதனால் வந்தார்கள் என்பதை நான் தப்பாக நினைக்கவில்லை. இதை மறைத்துவிட்டு விற்றிருந்தால், வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று அவனுக்கே நாங்கள் கற்றுக்கொடுத்தது போல ஆகியிருக்கும்.

சக்கரத்தில் வருபவன்:

அம்மா, மறைக்கச் சொல்லவில்லை. என்னைப் பார்க்க வருபவருக்கு நாற்காலி தெரியத்தான் செய்யும். ஒட்டுத்தாளில் முதல் வரியாக அது வரக்கூடாது என்கிறேன். நமக்குள் இந்த வித்தியாசம் இருந்துவிட்டுப் போகட்டும், சொல்வதா வேண்டாமா என்பது அந்தத் தம்பியின் முடிவு. அவரைக் கேட்காமல் அவர் கதையை யாரும் எழுத வேண்டாம்.

புங்கோல் வாசகி:

புரிகிறது. அவர் கேட்டால் மட்டும் எழுதுகிறேன்.

அங் மோ கியோ பொடி:

வணக்கம். அந்தத் தம்பி நான்தான். அக்கா சொல்லிக் கணக்குத் திறந்தேன். இழை முழுவதையும் தொலைபேசி படித்துக் காட்டியது.

முதலில் கதையைப் பற்றி. கண் பார்வை குறைவு என்று வாங்குபவர்களிடம் சொல்வேன், ஏனென்றால் டெலிவரி கொடுக்கும்போது அவர்கள்தான் என்னைக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்க வேண்டும். ஒட்டுத்தாளில் போடமாட்டேன். புங்கோல் அக்காவுக்கு நன்றி, கோபமெல்லாம் இல்லை.

கணக்கர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. கணக்கை அட்டவணையில் எழுதினால் தொலைபேசியில் கட்டம் கட்டமாகத் தேட வேண்டியிருக்கிறது, எரிச்சல். வேறு வழி உண்டா?

அப்புறம் எனக்கு உண்மையான பிரச்சினை கறிவேப்பிலைப் பொடிதான். பருப்பும் எள்ளும் எனக்குச் சிரமமில்லை. எள் படபடவென்று வெடித்து அடங்கும்போது இறக்கிவிடுவேன். கறிவேப்பிலையில் சத்தம் சரியாகப் பிடிபடவில்லை. நன்றாக வறுத்தேன் என்று நினைத்து அரைத்தாலும் ஒரு வாரத்தில் பொடி கட்டிப் பிடிக்கிறது. கட்டி விழுந்த பொடியை விற்க எனக்கு மனமில்லை.

காப்பிக்கடைக் கணக்கர்:

அட்டவணையே வேண்டாம் தம்பி. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு குழு வைத்துக்கொள்ளுங்கள். விற்றதும் “வரவு, 13 வெள்ளி, இரண்டு இட்லிப் பொடி” என்று பேசி அனுப்புங்கள். செலவும் அப்படியே, ரசீதைப் படம் எடுத்து அதன்கீழ் போடுங்கள். குரல் பதிவாக அல்ல, பேசி எழுத்தாக்கி அனுப்புங்கள், பிறகு தேட முடியும். தேதி தானாக விழும். மாதக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். வருடத்துக்கு 200,000 வெள்ளிக்குள் விற்பவர் வருமான வரிக்கு மொத்த விற்பனை, நிகர லாபம் என்று இரண்டு வரி கொடுத்தால் போதும். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் மட்டும். இது முக்கியம்.

தோ பாயோ வாசி:

கறிவேப்பிலைக்குச் சத்தத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். ஒரு சிட்டிகை எடுத்து ஆறவிட்டு விரலில் தேய்த்தால் மணல் போல உதிர வேண்டும். நடு நரம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இலையைக் காம்பிலிருந்து உருவி எடுத்துவிட்டுக் கழுவுங்கள், கழுவிய பிறகு துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மழைநாளில் அது காயவே காயாது, அன்றைக்குச் செய்யாதீர்கள்.

பழைய மளிகைக்காரர்:

தோ பாயோ தம்பி சொன்னது சரி, ஆனால் இலை மட்டும் காரணமாக இருக்காது. புளி போடுகிறீர்களா? புளி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தனியாக, இளஞ்சூட்டில் மொறுமொறுவென்று வரும்வரை வறுக்க வேண்டும். உப்பையும் வெறும் வாணலியில் ஒரு பிரட்டுப் பிரட்டுங்கள். எல்லாம் முழுக்க ஆறிய பிறகு அரையுங்கள். அரைத்த பொடியும் மிக்ஸியில் சூடாகியிருக்கும், அதைத் தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் புட்டியில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து அந்த நீர் பொடியில் இறங்கும். உங்களுக்குக் கட்டி விழுவது இதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அங் மோ கியோ பொடி:

புளி போடுகிறேன் ஐயா, இலையோடு சேர்த்தே வறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை தனியாக வறுக்கிறேன். அதுவரை கறிவேப்பிலைப் பொடி விற்பனைக்கு இல்லை. இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் மட்டும்.

ஜூரோங் மாமா:

தம்பி, பருப்புப் பொடி பூண்டு இல்லாமல் கிடைக்குமா? வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. இரண்டு புட்டி வேண்டும். என்ன விலை?

அங் மோ கியோ பொடி:

கிடைக்கும் மாமா. பூண்டு போடாததை முதலில் அரைத்துவிட்டுத்தான் மற்றதை அரைப்பேன். 200 கிராம் ஆறரை வெள்ளி, இரண்டு புட்டி 13 வெள்ளி. சனிக்கிழமை காலையில் அங் மோ கியோ எம்ஆர்டி நுழைவாயில் பக்கம் நிற்கிறேன், கையில் வெள்ளைக் கோல் இருக்கும். வந்ததும் குரல் கொடுங்கள். ஜூரோங்கிலிருந்து வர முடியாது என்றால் தபாலில் அனுப்புகிறேன், அஞ்சல் செலவு தனி.

ஜூரோங் மாமா:

வருகிறேன். பேநௌ எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பு.